கோஹிமா போர்க் கல்லறைத் தோட்டம்: ஜான் ஹார்மனும், மேலே பொறித்திருக்கும் 917 பெயர்களும்

மலைப்பாதை எழுதியது:

1944 ஏப்ரல் 9-ஆம் தேதி காலை கோஹிமாவில் உயிரிழந்த ஒரு லான்ஸ் கார்ப்பரலைப் பற்றியும், அவரை அடக்கம் செய்திருக்கும் இடத்தைப் பற்றியும் எழுதத்தான் இந்த இழை. வேலை காரணமாகச் சில வருடங்களாக நாகாலாந்தில் திமாப்பூரில் இருக்கிறேன். அங்கிருந்து கோஹிமா 74 கிலோமீட்டர், முழுக்க மலைச்சாலை. நம் ஊரிலிருந்து யார் வந்தாலும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். வருகிறவர்கள் டென்னிஸ் மைதானத்தையும், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகத்தையும் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். படுத்திருப்பவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போர் பற்றி முதலில் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் தொடக்கத்தில் லெப்டினன்ட் ஜெனரல் சாட்டோவின் தலைமையில் ஜப்பானின் 31-ஆவது டிவிஷன் கோஹிமாவைச் சுற்றி வளைத்தது. வந்தவர்கள் 12,000-க்கும் மேல். ஊரைக் காக்க இருந்தவர்கள் சுமார் 2,500 பேர், அதிலும் ஆயிரம் பேர் போல சமையல், கிடங்கு, மருத்துவமனை வேலைக்காரர்கள். ராயல் வெஸ்ட் கென்ட் நான்காம் பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ், ராஜ்புத் ரெஜிமென்டின் ஒரு பகுதி என்று கலந்துகட்டிய படை. தண்ணீர் வரும் வழியை ஜப்பானியர்கள் பிடித்துவிட்டார்கள். விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பல எதிரி பக்கம் போய் விழுந்தன. கடைசியில் இரு தரப்புக்கும் நடுவில் இருந்தது டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் மட்டும். இந்தக் கோட்டில் அவர்கள், அந்தக் கோட்டில் இவர்கள். பந்து போன வழியில் கையெறி குண்டு போனது.

ஜான் பென்னிங்டன் ஹார்மன் வெஸ்ட் கென்ட் பட்டாலியனில், சிறு அணியான ஒரு செக்‌ஷனுக்குத் தலைவர். வயது 29. ஏப்ரல் 8 இரவு இருட்டோடு இருட்டாக ஜப்பானியர்கள் இவருடைய இடத்திலிருந்து 50 கஜத்துக்குள் ஒரு இயந்திரத் துப்பாக்கியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நிலத்தின் அமைப்பு அப்படி, இவர்களால் அதை நேராகச் சுட முடியவில்லை. ஹார்மன் தனியாக முன்னால் போனார். நான்கு வினாடியில் வெடிக்கும் குண்டின் லீவரை விட்டார். உடனே எறியவில்லை. குறைந்தது இரண்டு வினாடி கையிலேயே வைத்திருந்து பிறகு எறிந்தார், அதன் பின்னாலேயே பாய்ந்தார். அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் இன்னொரு கூட்டம் எதிரே பள்ளம் தோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தவரை மறைப்புக்குச் சுடச் சொல்லிவிட்டு, பயோனெட்டை மாட்டிக்கொண்டு, மறுபடியும் தனியாக ஓடினார். நான்கு பேரைச் சுட்டார், ஒருவரைக் குத்தினார். அந்த நிலை ஒழிந்தது. திரும்பும்போது அவர் ஓடவில்லை, நடந்து வந்தார் என்றுதான் விருதுக் குறிப்பில் இருக்கிறது. அப்போதுதான் பக்கவாட்டில் குண்டு மழை. தன் ஆட்களிடம் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

இவருடைய அப்பா மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் பெரும் பணக்காரர். இங்கிலாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் லண்டி தீவையே 1925-இல் விலைக்கு வாங்கியவர், அங்கே தனி நாணயமே அடித்தவர். மகன் அங்கே வளர்ந்தவன். இன்றும் லண்டியில் ஒரு கல்குவாரிக்குள் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது.

கோஹிமாவில் அவர் கல்லறையைத் தேடினால் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. தீவின் சொந்தக்காரர் மகன் என்பதற்காகப் பெரிய கல் இல்லை. எல்லோருக்கும் போலத் தாழ்வான ஒரு கல், அதில் ஒரு வெண்கலத் தகடு, சுற்றிப் பூச்செடி. அதே தோட்டத்தில் நார்ஃபோக் ரெஜிமென்டின் கேப்டன் ஜான் ராண்டலும் இருக்கிறார். மே 6-ஆம் தேதி, முழங்காலில் அடிபட்ட நிலையிலேயே ஒரு பதுங்குகுழிக்குள் குண்டைப் போட்டுவிட்டு, அதன் வாயைத் தன் உடம்பால் அடைத்தவர். அவருக்கும் விக்டோரியா கிராஸ். அவருக்கும் அதே அளவு கல்தான்.

தோட்டத்தில் மொத்தம் 1,420 போர்க்கால அடக்கங்கள். படிப்படியாக ஏறிப் போனால் எல்லாவற்றுக்கும் மேலே தகன நினைவுச் சின்னம். தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்கே. முக்கால்வாசிப் பேர் அதுவரை ஏறுவதே இல்லை. நான் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். போகிறவர்கள் மேலேயும் போக வேண்டும், நின்று பெயர்களைப் படிக்க வேண்டும்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

அண்ணா, அருமையான பதிவு. ஒரு சந்தேகம். குண்டைக் கையில் இரண்டு வினாடி வைத்திருந்தது வீம்புக்கா? நினைத்தாலே கை நடுங்குகிறது.

---

ஓய்வுபெற்ற சேப்பர் எழுதியது:

வீம்பு இல்லை தம்பி, கணக்கு. பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான், அதனால் சொல்கிறேன். 50 கஜத்துக்குள் இருந்ததை நோக்கி இன்னும் முன்னால் போய்க் கிட்டத்திலிருந்துதான் எறிகிறார். லீவரை விட்டதும் எறிந்தால் குண்டு போய் விழுந்தபின் இரண்டு வினாடி மிச்சம் இருக்கும். எதிரே இருப்பவன் ஆள் தேர்ந்தவனாக இருந்தால் அதை எடுத்துத் திருப்பி எறிவான், இல்லை குழிக்குள் பதுங்கிக்கொள்வான். கையில் வைத்திருந்து எறிந்தால் விழுவதும் வெடிப்பதும் ஒன்றாக நடக்கும். ஆனால் அந்தக் காலத்துத் திரி வினாடிக் கணக்குக்குக் கட்டுப்பட்டு எரியும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். பயிற்சியில் எங்களை அப்படிச் செய்ய விட்டதே கிடையாது. இருட்டில், தனியாக, தன் பையன்களுக்காக அதைச் செய்திருக்கிறார் என்றால், அந்த மனிதர் முடிவெடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

நடந்து திரும்பினார் என்பதையும் படித்தேன். பெரிய வேலை ஒன்று முடிந்ததும் உடம்பு தளர்ந்துவிடும். ஓட வேண்டும் என்று தோன்றாது. இதை அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

தகன நினைவுச் சின்னத்தைப் பற்றி மலைப்பாதை தம்பி எழுதியது முக்கியமான விஷயம். இந்தத் தோட்டங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கியபோதே வைத்துக்கொண்ட விதி இது: இறந்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்க வேண்டும், பதவி, இனம், மதம் பார்த்துக் கல்லில் வித்தியாசம் காட்டக்கூடாது. எரித்தவருக்கு அடக்கம் செய்ய உடல் இல்லை, அதனால் பெயர் சுவரில் ஏறியது. முஸ்லிம், கிறிஸ்தவ இந்திய வீரர்களுக்குக் கீழே தனித்தனிக் கல் இருக்கிறது.

விதி எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் மெசபொடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், செத்த நம் ஆட்களுக்கு பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு ரெஜிமென்டும், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும். 2021-இல் ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்தான் பெரும்பாலும், பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். கோஹிமாவில் 917 பெயரும் முழுசாக இருக்கிறது என்பது அந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

---

கிள்ளான் பேரன் எழுதியது:

வணக்கம். மலேசியாவில் சிலாங்கூரிலிருந்து எழுதுகிறேன். ஹார்மனின் வீரத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன்.

என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் நேதாஜி வந்து பேசியபின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். அவர் உயிரோடு திரும்பினார், அவரோடு போன தோட்டத்து ஆட்கள் சிலர் திரும்பவில்லை. பர்மா காட்டில் பசி, மலேரியா, வயிற்றுப்போக்கு. அவர்களை எங்கே புதைத்தார்கள், எரித்தார்களா என்று யாருக்கும் தெரியாது. கல்லும் இல்லை, சுவரும் இல்லை. சிங்கப்பூரில் எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவுச் சின்னம் 1945 ஜூலையில் எழும்பியது. பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத் தகர்த்தார்கள். அது நின்ற இடத்தை 1995-இல்தான் அடையாளக் கல் வைத்துக் காட்டினார்கள்.

ஜப்பானியர்கள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு 6,982 கல்லறைகள், புல்வெளி, பூச்செடி. அதே பாதையில் அதே காலராவில் மடிந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு அப்படி ஒரு தோட்டம் யாரும் போடவில்லை. வெள்ளைக்காரன் சார்பாகப் போரிட்டவனுக்குப் பெயர் நிலைத்தது. விடுதலைக்குப் போனவனும் கூலிக்குப் போனவனும் காட்டோடு போய்விட்டார்கள். இதைப் பேசாமல் 917 பெயரைப் படியுங்கள் என்றால் எப்படி?

---

மலைப்பாதை எழுதியது:

ஐயா, இதைப் பேசியே ஆக வேண்டும். எழுதியதற்கு நன்றி.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த 917 பேரில் பெரும்பாலோர் பஞ்சாப், ராஜபுதனம், குமாவோன், நேபாள மலைகள், இப்படிப் பட்ட கிராமங்களிலிருந்து வந்த விவசாயி மகன்கள். சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள், குடும்ப வழக்கத்துக்குச் சேர்ந்தவர்கள், பஞ்சத்துக்குச் சேர்ந்தவர்கள். உங்கள் தாத்தாவோடு தோட்டத்திலிருந்து போனவர்களும் அதே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான். ஒரு பக்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, இன்னொரு பக்கத்துக்கு இல்லை. பட்டியல் இருக்கும் பக்கத்தை நாம் படிக்காமல் விட்டால், இல்லாத பக்கத்துக்கு நியாயம் கிடைத்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரோடு நினைவுகூரப்பட வேண்டும் என்பது ஒரு பிணத்துக்கு உரிமை என்று ஏற்றுக்கொண்டால், அதே அளவுகோலை வைத்துத்தான் மற்றவர்களுக்கும் கேட்க முடியும்.

ஜப்பானியர்களின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். கோஹிமாச் சண்டையில் மட்டும் அவர்கள் பக்கம் 5,000-க்கும் மேல் சேதம், இந்தப் பக்கம் 4,000 சொச்சம். இம்பால், கோஹிமா படையெடுப்பு முழுவதிலும் 30,000 ஜப்பானியர்கள் வரை இறந்தார்கள், பாதிக்கு மேல் பசியாலும் நோயாலும். சோறும் தோட்டாவும் வந்து சேரவில்லை என்று சாட்டோ மேலிட உத்தரவை மீறிப் படையைத் திருப்பினார். அவர்களுக்கும் கோஹிமாவில் கல்லறைத் தோட்டம் கிடையாது.

நாகா மக்களைப் பற்றி நான் முதல் பதிவில் எழுதாதது குறைதான், இப்போது சேர்க்கிறேன். அவர்கள் ஊரில் யாரோ இரண்டு பேர் வந்து சண்டை போட்டார்கள். கோஹிமா கிராமம் எரிந்தது. காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள், வழி காட்டியவர்கள், ஜப்பானியர் நடமாட்டத்தைச் சொன்னவர்கள் அங்காமி நாகாக்கள். பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனின் நினைவுக் கல் என்று எல்லோரும் படம் எடுக்கிறார்களே, அது ஒரே செங்குத்துப் பாறை. நாகா ஊர்களில் இறந்தவர்களுக்கு நடும் கல்லின் முறையில் நட்டது. அதில்தான் அந்த வாசகம்: நீங்கள் வீடு திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று. அந்த டிவிஷனின் பழைய வீரர்கள் பிற்காலத்தில் கோஹிமா கல்வி அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கி நாகா பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார்கள். நன்றிக்கடன் என்று அவர்களே சொன்னார்கள்.

---

நெல்லைச்சீமை எழுதியது:

செங்குத்துக் கல் என்றதும் செங்கம் நடுகற்கள்தான் ஞாபகம் வருகின்றன. தேனி பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்ததும் நடுகல்தானே, ஆநிரைச் சண்டையில் செத்தவனுக்குத் தமிழ் பிராமியில் பெயர் வெட்டியது. கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, எடுத்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வரிசையாகச் சொல்லும். அங்கேயும் பெயரும் எந்தச் சண்டை என்பதும்தான் முக்கியம். ஆனால் கிள்ளான் ஐயா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. காட்டில் விட்டவர்களுக்கு யார் கல் நடுவது?

---

மோரேக்காரன் எழுதியது:

மணிப்பூர் மோரேயில் பிறந்தவன். எங்கள் தாத்தா பாட்டி 1960-களில் பர்மாவிலிருந்து கிளம்பி வந்து இந்த எல்லையில் தங்கிவிட்டவர்கள். அங்காள பரமேஸ்வரி கோயிலைக் கட்டிக்கொண்டு இங்கேயே வாழ்கிறோம். அதற்கு முன்னால், 1942-இல், ஜப்பான்காரனுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்த இந்தியர்கள் இலட்சக்கணக்கில். தமு, பலேல், இம்பால், திமாப்பூர் என்று இதே பாதை. வழியில் விழுந்தவர்களை எண்ணியவர் யாரும் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பாதையின் பெயரைச் சொன்னாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கிள்ளான் அண்ணனுக்கு ஒரு தகவல். இம்பாலிலிருந்து 45 கிலோமீட்டர் தெற்கே மொய்ராங் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி கர்னல் ஷௌகத் மாலிக் இந்திய மண்ணில் கொடி ஏற்றிய இடம். அங்கே இந்திய தேசிய ராணுவ அருங்காட்சியகமும், சிங்கப்பூரில் இடித்த அந்தச் சின்னத்தின் மாதிரியில் கட்டிய ஒன்றும் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் இல்லைதான். ஆனாலும் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இம்பாலிலேயே இரண்டு போர்க் கல்லறைத் தோட்டங்கள் உண்டு. பெரியதில் 1,600 பேர். இன்னொன்று இந்திய ராணுவத் தோட்டம், 828 அடக்கங்களும் 868 பேருக்கான தகன நினைவுச் சின்னமும். சுற்றுலாக்காரர்கள் இரண்டாவதற்கு வருவது குறைவு. அங்கேதான் ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் இருக்கிறார். ஒன்பதாம் ஜாட் ரெஜிமென்ட். ஹார்மன் சாவதற்கு மூன்று நாள் முன்னால், ஏப்ரல் 6-ஆம் தேதி, இம்பாலுக்கு வடக்கே ஒரு மொட்டைக் குன்றின் மேல் நாற்பது பேர் போல இருந்த எதிரிகளைத் தாக்க இரண்டு செக்‌ஷனோடு ஏறினார். காலில் குண்டு பட்டது. சுட்டுக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கியின் குழலை வெறுங்கையால் பிடித்து இழுத்துத் திருப்பினார், இன்னொருவர் சுட்டவனை முடித்தார். அப்புறம் அடிபட்டு விழுந்த தன் ஆளின் பிரென்னை எடுத்துச் சுட்டுக்கொண்டே போனபோது மார்பில் குண்டு. அந்த நிலையிலும் மறைப்புக்கு நான் சுடுகிறேன், நீங்கள் அணி சேருங்கள் என்று கத்தியிருக்கிறார். விருதுப் பதிவுகளில் வயது 18 என்று இருக்கும். இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் முஸ்லிம் வீரர் அவர்.

---

கிள்ளான் பேரன் எழுதியது:

பதினெட்டு வயது. என் பேத்திக்கு அந்த வயது.

மலைப்பாதை தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு முறை படித்தேன். அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் மனக்குறை குறையவில்லை, அது குறையவும் வேண்டாம். மொய்ராங்குக்கு வர வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வந்தால் கோஹிமாவுக்கும் ஏறுகிறேன். தாத்தாவோடு போய்த் திரும்பாத தோட்டத்து ஆட்களில் மூன்று பேரின் பெயரை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குறித்து வைத்திருக்கிறேன்.

---

வடாற்காட்டுப் பெண் எழுதியது:

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போவேன், முதல் முறையாக எழுதுகிறேன். சேப்பர் ஐயாவிடம் ஒரு உதவி வேண்டும்.

என் தாத்தாவுக்கு ஒரு அண்ணன். மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர், 1945-இல் தந்தி வந்தது. வீட்டில் அவரை பர்மா தாத்தா என்றுதான் சொல்வோம். இறந்த தேதி தெரியாததால் கொள்ளுப்பாட்டி ஆடி அமாவாசைக்கு மட்டும் ஒரு இலை தனியாகப் போடுவார். தந்தி கரையான் அரித்துப் போச்சு. பென்ஷன் தாள் ஒன்று மட்டும் மிச்சம், அதில் சேவை எண் இருக்கிறது. கல்யாணம் ஆகி எட்டு மாதத்தில் போனவர், குழந்தை இல்லை. அந்தப் பாட்டி பிறகு தம்பி பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெயரை இங்கே பொதுவில் போட விருப்பமில்லை. கோஹிமாவில் அந்த 917-இல் இருப்பாரா?

---

ஓய்வுபெற்ற சேப்பர் எழுதியது:

அம்மா, எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். 1945 என்றால் கோஹிமாவாக இருக்க வாய்ப்பு குறைவு. அதற்குள் போர் பர்மாவுக்குள் போய்விட்டது. ஐராவதி ஆற்றைக் கடந்து மெய்க்தீலா, மாண்டலே, அப்புறம் ரங்கூன் சாலை. பாலம் கட்டியது, கண்ணிவெடி எடுத்தது, படகு ஓட்டியது எல்லாம் சேப்பர்கள். எங்களுக்குத் தம்பிகள் என்று ராணுவத்தில் பெயர். முன்னால் போய் வழி திறப்பவன் சேப்பர், கண்ணிவெடியில் முதலில் கால் வைப்பவனும் அவனே.

எங்கே தேட வேண்டும் என்றால், யாங்கூனுக்கு வடக்கே டௌக்யானில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 6,374 அடக்கங்கள். அதன் நடுவில் நீளமான தூண் மண்டபமாக ரங்கூன் நினைவுச் சின்னம், கல்லறை தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களோடு. பெரும்பாலோர் இந்திய ராணுவத்தினர். தகனம் ஆனவர்களுக்கு அங்கேயே தனிச் சின்னமும் உண்டு.

---

பரங்கிமலைவாசி எழுதியது:

இடையில் ஒரு சின்னத் தகவல். வடகிழக்கு வரை போக முடியாதவர்கள் சென்னை நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில்தான், தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள்கூட உள்ளே போயிருக்க மாட்டார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த, பராமரிக்க ஆள் இல்லாத கல்லறைகளை 1952-இல் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்த இடம். 855 பேர். பின்பக்கம் முதல் உலகப் போரில் இறந்த 1,039 பேரின் பெயர்கள். வருகைப் பதிவேடு ஒன்று இருக்கும், பெயரை எழுதிவிட்டு வாருங்கள். நவம்பரில் நினைவு நாளன்று அஞ்சலி நடக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பையனைக் கூட்டிக்கொண்டு போவேன். ஓடாதே, கல் மேல் ஏறாதே என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது அவனே வயதைப் படித்துக் கூட்டுகிறான்: இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது.

---

வடாற்காட்டுப் பெண் எழுதியது:

ஐயா கண்டுபிடித்துவிட்டார். இதை எழுதும்போது கை ஓடவில்லை.

ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறார். தாத்தாவின் அண்ணன் பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், எங்கள் ஊர், வட ஆற்காடு என்று மாவட்டம், எல்லாம் பதிவில் இருக்கிறது. கடைசியில் இன்னாரின் கணவர் என்று பாட்டியின் பெயரும் இருக்கிறது. அந்தப் பாட்டியின் பெயரை எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கேயும் எழுதி நான் பார்த்ததில்லை. ஊர்ப் பெயரை இங்கிலீஷ்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான், அதனால்தான் நாங்கள் தேடியபோது அகப்படவில்லை. தேதி 1945 மார்ச். அப்பாவுக்கு 78 வயது. திரையில் காட்டினேன், ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பஞ்சாங்கத்தில் அந்த நாளுக்கு என்ன திதி என்று பார்க்கச் சொன்னார்.

டௌக்யானுக்கு இப்போது போக முடியுமா?

---

ஓய்வுபெற்ற சேப்பர் எழுதியது:

நாட்டு நிலைமை இப்போது சரியில்லை அம்மா, அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். ஆணையத்தின் இணையதளத்தில் அவருடைய பதிவிலிருந்து சான்றிதழ் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளலாம், இலவசம். பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது என்ற எண்ணும் அதில் வரும். சட்டம் போட்டு வீட்டில் மாட்டுங்கள். திதி தெரிந்த பிறகு செய்ய வேண்டியதை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கும் தேடுகிற விதத்தைச் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான், தலைப்பெழுத்து இருக்காது. பெயரைப் போட்டுத் தேடினால் நூறு முனுசாமி வருவார்கள். முதலில் சேவை எண்ணைப் போடுங்கள், அது இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் படைப்பிரிவையும் இறந்த வருடத்தையும் போட்டு வடிகட்டுங்கள். மெட்ராஸ் சேப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட், பயோனியர் கோர், ராணுவ சர்வீஸ் கோர் இந்த நான்கிலும்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம். பெயரில் ழகரம், றகரம், இரட்டை எழுத்து எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூடுதல் விவரத்தில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும், அதை வைத்து உறுதி செய்யுங்கள். பழைய பென்ஷன் தாள், மெடல் பெட்டி, தபால் உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோஹிமா வர நினைப்பவர்களுக்கு: இந்தியர்கள் நாகாலாந்துக்குள் நுழைய உள்நுழைவு அனுமதி வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். டிசம்பர் முதல் வாரம் ஹார்ன்பில் விழாக் கூட்டம், அறை கிடைப்பது சிரமம். அக்டோபர், நவம்பர் நல்லது. கல்லறைத் தோட்டம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. படி நிறைய, வயதானவர்கள் நின்று நின்று ஏற வேண்டும்.

யாருக்காவது தங்கள் குடும்பத்து ஆள் கோஹிமா தகன நினைவுச் சின்னத்தில் இருப்பது பதிவில் உறுதியானால், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நான் போய்ப் பெயரைத் தேடி, தெளிவாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். கிள்ளான் ஐயா, நீங்கள் வரும் மாதத்தைச் சொன்னால் திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு நானே வருகிறேன். மொய்ராங்குக்கு மோரே நண்பர் வழி சொல்வார். குறித்து வைத்த அந்த மூன்று பெயர்களையும் எடுத்து வாருங்கள்.

---

மோரேக்காரன் எழுதியது:

வழி என்ன, இம்பாலிலிருந்து நானே வண்டியில் கூட்டிப்போகிறேன். நிலைமை சீராக இருக்கும் மாதமாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அண்ணா.